பிறந்த வீட்டுக் கோடிக்கு ஒரு சுங்கம்

என் மனைவியின் தம்பி அழைத்தபோது, சந்தையிலிருந்து வாங்கி வந்த மீனைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையால் கைபேசியை எடுக்க மனமில்லாமல், அதை மேசைமீதே கிடக்கவிட்டு ஒலிபெருக்கியில் பேசினேன்.

"அத்தான், நான்தான். சாப்பிட்டீங்களா?"

"சொல்லு மாப்பிள்ளை."

"அக்கா திதி வருதுல்ல. மொத வருஷம். நான் கோடி எடுத்துக்கிட்டு வரலாமான்னு கேக்கத்தான்..."

"யோசிச்சுச் சொல்றேன்."

"சரி அத்தான். எப்ப வேணாலும் சொல்லுங்க. நான் வெயிட் பண்றேன்."

காத்திருப்பதாக அவன் சொன்ன அந்தக் கடைசிச் சொல் எனக்கு இனிமையாக இருந்தது. மீனை இன்னொரு முறை நிதானமாகக் கழுவினேன்.

கணவன் வீட்டில் இறந்த பெண்ணைக் கடைசிப் பயணத்துக்கு எடுக்கும் முன், அவள் பிறந்த வீட்டிலிருந்து வரும் கோடி என்னும் புதுச் சேலையை அவள்மேல் போர்த்துவது எங்கள் வழக்கம். எத்தனை மாலைகள் விழுந்தாலும், எவ்வளவு பெரிய கூட்டம் வந்தாலும், அந்தச் சேலை விழுந்த பிறகுதான் அவளைத் தூக்குவார்கள். என் மனைவிக்குப் பெற்றோர் இல்லை. பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது இந்தத் தம்பி ஒருவன்தான். சென்ற ஆண்டு அவள் போனபோது அந்தச் சேலை அவள்மேல் விழவில்லை. அதை விழவிடாமல் செய்தவன் நான். ஏன் செய்தேன் என்பதை எழுதி வைப்பது நல்லது. உறவுக்காரர்கள் அதைப் பற்றி வேறு பல விளக்கங்களைப் பேசிக்கொள்கிறார்கள். அவற்றில் எதுவும் எனக்குப் போதுமான அளவு கடுமையாக இல்லை.

என் தொழில் பொருளியல் கற்பிப்பது. ஓய்வு பெறும்வரை நான் நடத்திய பாடம் பன்னாட்டு வாணிகம். அதில் என் மனத்துக்கு நெருக்கமான பகுதி, ஒரு பொருளை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கொண்டுசேர்க்க ஆகும் செலவு: கப்பல் கூலி, காப்புறுதி, சுங்கம், துறைமுகத்தில் காத்துக் கிடக்கும் நாள்கள். மாணவர்களுக்கு இதை விளக்க, எங்கள் துறையில் பல காலமாகப் புழங்கும் ஒரு கற்பனையைச் சொல்வேன். நீங்கள் அனுப்புவதெல்லாம் பனிக்கட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் கொஞ்சம் உருகும். அனுப்பிய அளவு வேறு, சேர்ந்த அளவு வேறு. உருகியதுதான் செலவு.

இதைக் கேட்ட நாளிலிருந்து என் மனைவி என்னை விடவில்லை. நான் கடைக்குப் போய்த் திரும்பினால், "வர்ற வழியில எவ்வளவு உருகிச்சு?" என்பாள். வாங்கச் சொன்னதில் பாதியை மறந்துவிட்டு வருவது என் வழக்கம். சீவிய பனியில் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங் கடையில் நான் பேசிக்கொண்டே இருந்தால், "பேராசிரியரே, உங்க பாடம் தட்டுல ஓடுது, மொதல்ல சாப்பிடுங்க" என்பாள்.

அவள் தம்பியின் தொழிலும் ஏறத்தாழ இதே பாடம்தான். கூலி மட்டும் என்னுடையதைவிட அதிகம். எங்கள் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில், மாக் மண்டின் பக்கம், அவனுக்கு ஒரு ஃபார்வர்டிங் அலுவலகம். சரக்கு அனுப்புபவர்களுக்காகக் கப்பலில் இடம் பிடிப்பான், காலிக் கண்டெய்னர் வரவழைப்பான், சுங்கக் காகிதங்களை முடித்துத் தருவான். நான் கரும்பலகையில் ஓர் எழுத்தாகக் குறித்த செலவை அவன் தொலைபேசியில் பேரம் பேசினான். எனக்கு அவனைப் பிடிக்கும். அந்தப் 'பிடிக்கும்' என்ற சொல்லை இலக்கணப்படி இறந்த காலமாக மாற்றிக்கொள்ளலாம்.

பள்ளி ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, என் மனைவி ஜாதிக்காய் ஊறல் செய்யத் தொடங்கினாள். பாலிக் பூலாவ் தோட்டங்களிலிருந்து காய் வரும். பாயான் லெப்பாஸ் போகும் வழியில் ஒரு கடைவீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்து, அண்டைவீட்டுப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, தோல் சீவி, நறுக்கி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்துக் கண்ணாடிப் புட்டிகளில் அடைப்பாள். வீட்டில் அவள் சேலை, தலையணை, என் புத்தகங்கள் எல்லாவற்றிலும் அந்த வாசனை இருந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மொத்த வியாபாரி அதைச் சுவைத்துப் பார்த்து, தீபாவளிக்கு ஒரு முழுக் கண்டெய்னர் கேட்டார். ஆனால் விலையைத் தம் துறைமுகத்தில் வந்து சேர்ந்த விலையாகச் சொல்லும்படி கேட்டார். அதாவது வழிச் செலவும் வழியில் வரும் ஆபத்தும் அனுப்புபவருடையவை.

"கப்பல் கூலியை எழுத்துல வாங்கிக்கிட்டு அப்புறம் விலை சொல்லு" என்றேன்.

"யார்கிட்ட எழுத்துல வாங்கணும்? என் தம்பிகிட்டயா?" என்று சிரித்தாள்.

அவன் அன்று எங்கள் வீட்டில்தான் இருந்தான். அவள் வைத்த மீன் குழம்பில் கை நனைத்தபடி, "அக்கா, கப்பல் ஃப்ரெய்ட் நம்ம வீட்டு விஷயம் லா. நான் இருக்கேன்ல. நீ வெலைய சொல்லிட்டுப் போ" என்றான்.

ஊறல் செய்யும் பெண்கள் வேறு எத்தனையோ தவறு செய்யலாம். தம்பி கப்பல் தொழிலில் இருக்கும் அக்காவால் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. அவள் வாய்ச்சொல்லை நம்பி விலை சொன்னாள்.

அது பெருந்தொற்றுக் காலம். உலகத்தின் காலிப் பெட்டிகளெல்லாம் தவறான கரைகளில் கிடந்தன. கப்பல் கூலி, அதுவரை யாரும் கேள்விப்படாத உயரத்துக்கு ஏறியது. அவள் பெட்டி நிரப்பப்பட்டு, பூட்டி முத்திரையிடப்பட்டு, பட்டர்வொர்த் துறைமுக முற்றத்துக்குப் போனது. அங்கேயே நின்றது.

"ரோல் ஆயிடுச்சுக்கா" என்றான் தம்பி. ஒரு கப்பலில் இடம் பிடித்த பெட்டியை ஏற்றாமல் அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிடுவதற்கு அந்தத் தொழிலில் அதுதான் பெயர். "ஷிப்பிங் லைன் பண்றது, நம்ம கையில இல்ல. இந்தக் கப்பல்ல இடம் இல்ல, அடுத்ததுல பார்க்கலாம்."

அடுத்ததிலும் அதையே சொன்னான். அதற்கடுத்ததிலும். பினாங்கின் வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் சர்க்கரைப் பாகு என்ன ஆகும் என்பதை அறியப் பட்டம் தேவையில்லை. தீபாவளி கடந்தது. வியாபாரி மரியாதையான ஒரு வரியில் விலகிக்கொண்டார். பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து திறந்த அன்று நானும் கூட இருந்தேன். மூடிகள் உப்பியிருந்தன. பல புட்டிகள் வெடித்திருந்தன. பாகு பலகை வழியே ஒழுகிக் காய்ந்து, எறும்பு வரிசை கட்டியிருந்தது. புளித்த வாடைக்கு அந்தப் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். என் மனைவி பொத்திக்கொள்ளவில்லை. "உங்க பனிக்கட்டி மொத்தமும் உருகிடுச்சு" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். பிறகு உடையாத புட்டிகளைப் பிரித்தெடுத்துக் கழுவ உட்கார்ந்துவிட்டாள். நான் ஒன்றை, மூடி உப்பியபடியே, எடுத்து வந்து எங்கள் பின் சமையலறைத் தொட்டிக்கு அடியில் வைத்தேன்.

"அதை ஏன் வெச்சிருக்கீங்க? தூக்கிப் போடுங்க" என்று பலமுறை சொன்னாள். நான் போடவில்லை.

மறு ஆண்டு, உறவில் ஒரு திருமண விருந்து. தம்பி எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அடுத்த மேசையில், நண்பர்கள் நடுவே உட்கார்ந்திருந்தான். முகம் சிவந்து, குரல் உயர்ந்திருந்தது.

"அந்த சீசன் மாதிரி இனி வராதுடா. ரப்பர் கிளவ்ஸ் கம்பெனிக்காரன் கூடக் கூலி தர்றேன்னு கேட்டதும் இடம் குடுத்தேன் பாரு. இடம் எங்கேருந்து வந்துச்சுங்கிற? எங்க அக்கா பெட்டிய எறக்கி வெச்சுட்டு ஏத்துனேன். ஊறுகாய் என்ன, ஓடியா போயிடும்?"

மேசை முழுவதும் சிரித்தது. "ஓடலடா, பொங்கிடுச்சு!" என்றான் ஒருவன். அதற்கும் சிரித்தார்கள். என் மனைவி அப்போது, அவனுக்குப் பிடிக்கும் என்று தன் கையாலேயே ஒரு தட்டில் எடுத்துவந்த ஆட்டுக்கறியோடு, அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். தட்டை அவன் முன்னால் வைத்தாள். "ஆறிடும், சாப்புடு" என்றாள். எங்கள் மேசைக்குத் திரும்பி வந்து, ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

காரில் திரும்பும்போது நான் பேசத் தொடங்கினேன். "விடுங்க, சின்னப் பையன்" என்றாள். அந்தச் சின்னப் பையனுக்கு அப்போதே தலை நரைத்திருந்தது. மை போட்டிருந்தான்.

அதன்பின் அவள் கடைவீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அண்டாக்களை விற்றாள். பின்னர் நோய் வந்தது. ஒன்றின்பின் ஒன்று நடந்தால், முன்னதால்தான் பின்னது வந்தது என்று சொல்லக் கூடாது என மாணவர்களுக்குக் கற்பித்தவன் நான், இங்கும் சொல்லவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம், அவள் தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பிப் பார்ப்பாள் என்பதை மட்டும் சொல்கிறேன். இரு கரைகளுக்கும் நடுவே இருக்கும் கடல், பெரிப் படகில் ஏறினால் ஒரு கோப்பை கோப்பி ஆறுவதற்குள் கடந்துவிடக்கூடியது. அவனுக்கு அது பெருங்கடலாக இருந்தது. "பாலம் ஜாம் லா அக்கா." "பெரிக்கு லைன் நிக்குதுக்கா." "அடுத்த வாரம் கட்டாயம்." ஒவ்வொரு முறையும் அவள், "பாவம், வேலை" என்றாள். செலவு எப்போதும் தூரத்தில் இல்லை என்று ஒரு முழு அத்தியாயம் நடத்தியிருக்கிறேன். பக்கத்து நாடுகள் ஒன்றோடொன்று வாணிகம் செய்யாமல் இருப்பதற்குக் கடல் காரணமாக இருப்பது அரிது.

மருத்துவமனையில், பேச்சு மெலிந்துவிட்ட நாள்களில் ஒருநாள், "அவனை நல்ல கோடியா எடுக்கச் சொல்லுங்க" என்றாள். "அத்தைக்கு எடுத்தான் பாருங்க, பாலியெஸ்டர். நெருப்புல ஒட்டிக்கிட்டா எனக்குப் பிடிக்காது."

நான் அவள் கையைப் பிடித்திருந்தேன்.

அவள் ஒரு மாலை போனாள். தம்பி அன்றே வந்தான். அவள் காலடியில் விழுந்து அழுதான். அவன் அழுகை போலி என்று நான் சொல்ல மாட்டேன். காலையில் கடை திறந்ததும் கோடி எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் பட்டர்வொர்த் திரும்பினான்.

மின்சுடலையில் எங்களுக்கு மறுநாள் காலை நேரம் கொடுத்தார்கள். பதிவு செய்த இளைஞர், "லேட் ஆனா போன் போடுங்க அங்கிள். உங்களுக்கு அடுத்த நேரம் காலியாத்தான் இருக்கு" என்றார். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அமரர் ஊர்தி வாசலுக்கு வந்தபோது அவன் வந்திருக்கவில்லை. சடங்குகள் முடிந்து எல்லாரும் வாசலைப் பார்த்தபடி நின்றார்கள். கைபேசி அடித்தது.

"அத்தான், பாலத்துல ஆக்சிடெண்ட். லோரி கவுந்து கெடக்கு. காடி அசையவே மாட்டேங்குது. கோடி என் மடியிலதான் இருக்கு. ஒரு அரை மணி நேரம் நிறுத்தி வைங்க அத்தான். கெஞ்சிக் கேக்குறேன்."

என் மனைவியின் சித்தி, எங்களில் மூத்தவர், என் கையைப் பற்றினார். "அவன்தானே? வரட்டும் தம்பி. பொறந்த வீட்டுத் துணி இல்லாம பொம்பளைய எடுக்கக் கூடாது."

என் மகள் என்னைப் பார்த்தாள். நான் அவள் தாயைப் பார்த்தேன். நெற்றியில் யாரோ வைத்த குங்குமம் கொஞ்சம் கோணலாக இருந்தது.

"ரோல் ஆயிடுச்சு மாப்பிள்ளை" என்றேன்.

"என்ன அத்தான்?"

"இந்தக் கப்பல்ல இடம் இல்ல. அடுத்ததுல பார்க்கலாம்."

அந்தப் பக்கம் வாகன ஒலிப்பான்கள் கேட்டன. அவன் மூச்சு கேட்டது. புரிந்துகொண்டான் என்று எனக்குத் தெரிந்தது. விருந்தில் அவன் சொன்னதை அக்கா பின்னால் நின்று கேட்டுவிட்டாள் என்பதும் அப்போதுதான் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் கைபேசியை அணைத்துச் சட்டைப்பையில் வைத்து, "எடுக்கலாம்" என்றேன். சித்தி மாரில் அடித்துக்கொண்டு என்னைத் திட்டினார். நாங்கள் போய்த் திரும்பும்போது, எங்கள் கேட்டுக்கு வெளியே, ஒரு துணிக்கடைப் பையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி அவன் நின்றிருந்தான். மகள் அவனை உள்ளே கூப்பிட்டாள். அவன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஓராண்டு கழித்து இந்தத் தொலைபேசி அழைப்புதான்.

வேண்டாம் என்று சொல்லிவிடுவதுதான் என் முதல் எண்ணம். அந்த வாரம் முழுவதும் அந்தச் சொல்லைச் சுவைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாலை, வேலை முடிந்து என் மகள் வந்தாள். அவள் பாயான் லெப்பாஸில் கணினிச் சில்லு செய்யும் ஆலையில் பொறியாளர்.

"புது லைன் போடுறாங்கப்பா. வெளிநாட்டுக் காசு கொட்டுது. வேற ஊர்ல டாரிஃப் ஏத்துனா நமக்கு ஓவர்டைம்" என்று கை கழுவியபடி சொன்னாள். பிறகு, என்னைப் பார்க்காமல், "மாமா எனக்கும் மெசேஜ் பண்ணாரு. நீங்க இன்னும் கஸ்டம்ஸ் ஆபீசர் மாதிரி கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களாம்" என்றாள்.

"அவன் சொன்னானா?"

"இல்ல, அது நான் சொல்றது."

அவள் போன பிறகு அதை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குக் கடன் கொடுப்பது என்பது, இன்று சரக்கை அனுப்பிவிட்டு, நாளை சரக்காகத் திரும்பப் பெறுவதுதான். பணம் அதற்கு இடையில் எழுதும் கணக்கு. ஆகவே கடக்கும் செலவு ஒரே கடனை இருமுறை கடிக்கிறது: வாங்கும்போது ஒருமுறை, தீர்க்கும்போது ஒருமுறை. அந்தச் செலவு மிகுந்தால் வட்டியே மிகுந்தது போலாகும். வாங்குபவன் வாங்க மாட்டான், மூலதனம் பிறந்த மண்ணிலேயே தங்கிவிடும், நாடுகளின் வாணிக மிச்சமும் பற்றாக்குறையும் சிறுத்துவிடும். என் மனைவி தம்பிக்கு வாழ்நாளெல்லாம் அனுப்பிக்கொண்டே இருந்தாள். அவன் திருப்பி அனுப்ப முயன்ற ஒரே சரக்கு ஒரு சேலை. நான் கரையை மூடினேன்.

மூடிய கரையைப் பற்றி இன்னொன்றும் நடத்தியிருக்கிறேன். அன்று மாலை அது என் சொந்தக் குரலிலேயே நினைவுக்கு வந்தது. சுங்கத்தை எல்லை மீறி உயர்த்தினால் எதுவும் கடக்காது. எதுவும் கடக்காவிட்டால் வசூலும் இல்லை. சரக்கு நின்றுவிடாத அளவுக்கு, ஆனால் ஒவ்வொரு முறையும் வலிக்கும் அளவுக்கு வைப்பதே வசூலிப்பவனின் திறமை. வேண்டாம் என்று நான் சொன்னால் அவன் ஒருநாள் அழுவான். பிறகு, கெட்ட கிழவன், வரவிடவில்லை என்று சொல்லி நிம்மதியடைந்துவிடுவான். அந்த நிம்மதியை அவனுக்கு இலவசமாகக் கொடுக்க இருந்தேன்.

கைபேசியை எடுத்து, "கோடியோட வா மாப்பிள்ளை" என்றேன். "ரொம்ப... ரொம்ப நன்றி அத்தான்" என்று ஒருவாறு சொன்னான்.

திதியன்று விடிந்ததும் வந்துவிட்டான். முதல் பெரியிலேயே கடந்திருக்கிறான். "வெள்ளனவே வந்து கேட்டுக்கு வெளியில நிக்கிறாரு" என்று மகள் சொன்னாள். நானே போய்த் திறந்தேன். தலைக்கு மை போடுவதை விட்டிருந்தான். பையை நீட்டி, "சுத்தப் பட்டு அத்தான். பாலியெஸ்டர் இல்ல" என்றான். அவள் என்னிடம் சொன்னதை அவனிடமும் சொல்லியிருக்கிறாள். பையை நான் வாங்கவில்லை.

"நீயே வெச்சிடு" என்றேன்.

கூடத்தில் அவள் படத்துக்கு முன்னால் இலை விரித்துப் படையல் இட்டிருந்தோம். அவளுக்குப் பிடித்த மீன் குழம்பு, கேசரி, மங்கூஸ்தீன், கோப்பி. இலையின் வலப்பக்கம், விளக்கொளி நேராக விழும் இடத்தில், துடைத்துப் பளபளப்பாக்கி அந்தப் புட்டியை வைத்திருந்தேன். பாகு கறுத்துவிட்டது. உள்ளே துண்டுகள் இன்னும் தெரிந்தன. உப்பிய மூடியில், அவள் கையெழுத்தில் ஒட்டிய பெயர்ச்சீட்டு பாதி உரிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் சேலைக்காக ஒரு தாம்பாளம். சேலை வைக்க அங்கே வேறு இடம் விடவில்லை.

"அப்பா, இது என்ன?" என்றாள் மகள், தாழ்ந்த குரலில்.

"அம்மா கடைசியா அனுப்புனது."

அவன் அதற்குள் பார்த்துவிட்டான். முட்டி போட்டு உட்கார்ந்து, சேலையைப் பிரித்துத் தாம்பாளத்தில் வைக்க முயன்றான். பட்டு வழுக்கியதில் முந்தானை சரிந்து புட்டியின்மேல் விழுந்தது. அதை எடுக்க அவன் புட்டியைத் தொட வேண்டியிருந்தது. தொட்டான். தொட்ட கையை மடியில் வைத்துக்கொண்டான். சித்தி மூக்கைச் சிந்திக்கொண்டு, "இப்பவாவது போட்டானே" என்றார்.

நான் அவனுக்கு இலை போட்டு, என் கையால் பரிமாறினேன். ஆட்டுக்கறி இல்லை, திதி என்றாலும் எங்கள் வீட்டில் அவளுக்காக மீன் உண்டு. "ஆறிடும், சாப்பிடு" என்றேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து சாப்பிட்டான், ஒரு பருக்கை விடாமல்.

புறப்படும்போது கேட்டருகே செருப்பைத் தேடியபடி நின்றான்.

"அத்தான், அடுத்த வருஷமும் வரலாமா?"

"வரணும் மாப்பிள்ளை. ஒவ்வொரு வருஷமும் வரணும்."

"அந்தப் புட்டி..."

"அது இருக்கும்."

அவன் தலையாட்டினான். மோட்டார் சைக்கிளை உடனே கிளப்பாமல், தெருமுனைவரை தள்ளிக்கொண்டே போனான். நான் உள்ளே வந்து, மூடி அசையாதபடி புட்டியைக் கவனமாகத் தூக்கித் தொட்டிக்கு அடியில் அதன் இடத்தில் வைத்தேன். பட்டுச் சேலையை மடித்து அவள் அலமாரியில் வைத்தேன். அங்கே இன்னும் ஜாதிக்காய் வாசனை இருக்கிறது. கேட்டை அன்று நான் பூட்டவில்லை.